பித்தக்கானுக்கு நான் செய்த மொழிபெயர்ப்பு

என் ஃபோனில் அந்த மாதம் இருந்த படங்களில் பாதிக்கு மேல் என் அண்ணன் மகனுக்குக் கட்டிய நப்பிகள். திறந்த நப்பிகள். யூனியில் ஒரு சிநேகிதிக்கு அசைன்மென்ற் ஒன்றின் படத்தைக் காட்டப்போய், விரல் ஒரு தரம் கூடுதலாக வழுக்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் அசைன்மென்ற் கேட்கவில்லை.

படம் எடுக்கச் சொன்னது குழந்தைகள் கிளினிக்கில் இருந்த நேர்ஸ். ஏழாவது வாரம் நிறை பார்க்கக் கொண்டுபோயிருந்தோம். அவர் சிரித்துக்கொண்டே நப்பியைத் திறந்தார், பிறகு சிரிப்பை மூடினார். மஞ்சளாக இருக்கவேண்டிய மலம் சுவருக்குப் பூசுகிற பட்டி மாதிரி வெளிறிப்போய் இருந்தது. வெள்ளையாக இருக்கவேண்டிய கண் மஞ்சளாக இருந்தது. நிறங்கள் இரண்டும் வீடு மாறிவிட்டன.

அதுவரை அவனுக்கு வைத்தியம் பார்த்தவர் என் அம்மா. சிட்னி லிட்கம்மில் எங்கள் அடுக்குமாடி யூனிற்றுக்கு, குளிர்கால யூலை மாதத்தில், ஒரு நாளைக்கு முக்கால் மணித்தியாலம் வெயில் வரும். அந்த முக்கால் மணித்தியாலமும் அம்மா அவனை யன்னல் ஓரம் மோர்மிளகாய் போலக் காயப்போட்டார். "பிறந்த பிள்ளையளுக்கு மஞ்சள் வாறதுதானே. நீயும் மஞ்சளாத்தான் பிறந்தனீ. இப்ப என்ன, செத்தா போனனீ?" என்று கேட்டார். விஞ்ஞானபூர்வமான வாதம். நானும் மறுத்துப் பேசவில்லை.

மருத்துவமனையில் ஸ்கான் எடுத்தார்கள். ஈரலில் சுரக்கிற பித்தம் குடலுக்கு இறங்கி வருகிற குழாய்க்குப் பித்தக்கான் என்று பெயர். அவனுடைய பித்தக்கான் சேறு மாதிரி ஏதோ ஒன்றால் அடைபட்டு வீங்கியிருந்தது. நடுவில் ஒரு குட்டிக் கல்லும் இருந்தது. பித்தம் போக இடமில்லாமல் ஈரலுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு கிழமை மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மஞ்சள் கூடியது. இப்படியே விட்டால் ஈரல் பழுதாகிவிடும் என்றார்கள். அவனுடைய நிறை நாலு கிலோ. நாங்கள் கடையில் வாங்குகிற ஆகச் சின்ன அரிசிப் பை ஐந்து கிலோ.

அண்ணா பெர்த்துக்கு லொறி ஓடுகிறவர். அந்தக் கிழமை வண்டியோடு நடுப் பாலைவனத்தில் நின்றார். சிக்னல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வரும். வந்தபோதெல்லாம் அவர் சொன்னது ஒன்றே: "தங்கச்சி படிச்சவள், அவள் பாத்துக்கொள்ளுவாள்." ஆக, கையெழுத்துப் போடவேண்டியவர் அண்ணி. யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து வந்து இரண்டு வருடம். ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திப் பேசினால் ஆங்கிலம் விளங்கும். மருத்துவமனையில் யாரும் ஆறுதலாகப் பேசுவதில்லை.

வார்டில் சேர்த்த அன்றே கேட்டார்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று. இலவசம். அண்ணி வாயைத் திறக்க முன் அம்மா பாய்ந்தார். "நோ, நோ! மை டோட்டர்!" என்று என்னைக் காட்டினார்.

நேர்ஸ் போனபிறகு காரணம் விளக்கப்பட்டது.

"தமிழ் ஆள் எண்டால் எங்கட ஆளாத்தானேடி இருக்கும்? இண்டைக்கு இங்கை வந்து கேட்டுட்டு, வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் கோயில் கார் பார்க்கிலை நிண்டு, 'பிள்ளைக்கு ஈரலாமே, பாவம்' எண்டு சொல்லும். நாளைக்கு உனக்கொரு கலியாணம் பேசேக்கை, குடும்பத்திலை ஈரல் வருத்தமாம் எண்டு கதை வரும்."

"அம்மா, என்ர கலியாணத்துக்கும் அவன்ர பித்தத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"உனக்கு விளங்காது."

எனக்கு விளங்கவில்லைதான். ஆனால் மனதுக்குள் குளிர்ந்துவிட்டது. நான் பயோமெடிக்கல் சயன்ஸ் மூன்றாம் வருடம். மெடிசின் கிடைக்காதவர்களுக்கு அருளப்படுகிற படிப்பு அது. அம்மா அதை வெளியில் "மெடிசின் மாதிரித்தான்" என்று விற்றுவைத்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த "மாதிரித்தான்" ஒரு உண்மையான வார்டில் வேலை செய்யப்போகிறது. விட்டுவிடுவேனா?

செவ்வாய்க்கிழமை காலை, கமெராக் குழாயால் அடைப்பை எடுக்கிற டொக்டர் வந்தார். அவர் பெரியவர்களுக்குப் பார்க்கிறவர், வேறு மருத்துவமனையிலிருந்து இதற்காகவே வருபவர். குழந்தைகளுக்கு இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவாம். கதிரையை இழுத்து அண்ணிக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். ஒரு தாளின் பின்பக்கத்தில் குடலைப் படமாகக் கீறினார், அது பார்க்க கடலில் கிடக்கும் அட்டை மாதிரி இருந்தது. பிறகு பேசத் தொடங்கினார்.

வாய் வழியாகக் கமெராக் குழாய் விடுவது, இரைப்பையைத் தாண்டிக் குடலின் முதல் வளைவில் பித்தக்கான் திறக்கிற சின்ன வாசலைத் தேடுவது, அதற்குள் மெல்லிய கம்பி விட்டு அடைப்பை எடுப்பது எல்லாம் சொன்னார். வழக்கமான குழாய் இவன் தொண்டைக்குப் பெரிது, ஆகச் சின்னதைத்தான் பயன்படுத்தவேண்டும் என்றார். முழு மயக்கம். பான்கிரியாஸ் வீங்கலாம். இரத்தம் கசியலாம். குடல் கிழியலாம். தொற்று வரலாம். வாசல் அகப்படாமல் வெறுங்கையோடு திரும்பலாம். மற்ற வழிகள், வயிற்றைத் திறந்து செய்யும் ஒப்பரேஷன், அல்லது இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பது. பொறுப்பதற்கு ஈரல் விலை கொடுக்கும்.

சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். என் நேரம்.

"அண்ணி, வாயாலை சின்னக் கமெரா விட்டு அடைப்பை எடுப்பினமாம். நித்திரையாக்கித்தான் செய்வினம். இவர் பெரிய ஆள். பிரச்சினை இல்லை."

டொக்டர் கொஞ்சம் காத்திருந்தார், மிச்சம் வரும் என்று. வரவில்லை.

"சுருக்கமாக இருந்ததே" என்றார்.

"தமிழ் மிகவும் சுருக்கமான மொழி, டொக்டர்" என்றேன். கூசாமல்.

அண்ணி மெதுவாகக் கேட்டார்: "பிள்ளைக்கு நோகுமோ எண்டு கேளும், தங்கச்சி."

"இல்லை அண்ணி, நோகாது" என்றேன். டொக்டரிடம் கேட்கவில்லை. ஒரு படித்த ஆள் அறையில் இருக்கும்போது எதற்கு இன்னொருவரைத் தொல்லைப்படுத்துவது?

"அவர் என்ன கேட்டார்?" என்றார் டொக்டர்.

"ஒன்றுமில்லை. அவர் ஓகே."

டொக்டர் தாளை மடித்தார். அண்ணி பேனாவுக்காகக் கையை நீட்டியும் அவர் கொடுக்கவில்லை. "நாளை காலை ஒன்பது மணிக்கு மொழிபெயர்ப்பாளரோடு இதைத் திரும்பவும் பேசுவோம். அதற்குப் பிறகுதான் கையெழுத்து" என்றார். என்னைப் பார்த்து மிக அன்பாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஒரு நாள் முழுக்கக் காவித் திரிந்தேன். மூன்று வருடம் படித்ததற்குக் கிடைத்த முதல் ரிசல்ட்.

அம்மா அன்று பின்னேரம் முழுவதும் பாதுகாப்பு ஏற்பாடுகளில் இருந்தார். மொழிபெயர்ப்பாளர் நேரில் வருவதில்லை, ஃபோனில்தான் என்று கேட்டுக் கொஞ்சம் அமைதியானார். ஆனாலும் விதிகள் வகுக்கப்பட்டன. பெயர் சொல்லக்கூடாது. ஊர் சொல்லக்கூடாது. யாரும் இருமக்கூடாது, இருமலை வைத்தே ஆளைப் பிடிக்கிற அன்ரிமார் இருக்கிறார்களாம்.

புதன் காலை. டொக்டர், நேர்ஸ், அண்ணியின் மடியில் பிள்ளை, கட்டிலின் மேல் ஸ்பீக்கரில் ஃபோன்.

"வணக்கம்மா. நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பேசுறேன். டாக்டர் என்ன சொல்றாரோ அதை அப்படியே உங்களுக்குச் சொல்வேன். நீங்க யார் என்ன பேசினாலும் அப்படியே அவருக்குச் சொல்வேன். நடுவுல நான் எதையும் சேர்க்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன். இங்க பேசுறது வெளிய போகாது."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "இந்தியாக்காரன்" என்று என் காதில் சொன்னார். "அப்ப பயமில்லை." ஆனாலும் கவனம் குறையவில்லை. ஃபோனுக்குக் கிட்டக் குனிந்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்: "நாங்கள் மெல்பேர்ண் ஆக்கள்."

"அப்படியாம்மா? நானும் மெல்போர்ன்லதான் இருக்கேன்."

அம்மா பின்வாங்கிக் கதிரையில் உட்கார்ந்தார். ஃபோன் அந்த உரையாடலையும் டொக்டருக்கு ஆங்கிலத்தில் ஒப்புவித்தது. சிட்னியில் இரண்டு கிழமையாக வந்து போகிற குடும்பம் ஏன் மெல்பேர்ண் ஆனது என்று டொக்டர் கோப்பைப் புரட்டிப் பார்த்தார்.

பிறகு தொடங்கியது. டொக்டர் ஒரு வசனம் சொல்ல, ஃபோன் ஒரு வசனம் சொன்னது. நேற்று நான் தாண்டி ஓடிய ஒவ்வொரு படியிலும் அந்த மனிதர் நின்று நின்று இறங்கினார்.

"பெரியவங்களுக்கு இதை நிறைய பண்றோம். இவ்வளவு சின்னக் குழந்தைக்குப் பண்றது அபூர்வம், அதனால இந்த வயசுல எங்களுக்கே அனுபவம் கம்மி. கணையம் வீங்கலாம், அதுதான் அதிகமா எதிர்பார்க்கிற பிரச்சினை. பெரும்பாலும் சில நாள்ல சரியாயிடும், சில சமயம் தீவிரமாகவும் ஆகலாம். ரத்தம் கசியலாம். குடல்ல ஓட்டை விழலாம், விழுந்தா ஆபரேஷன் வேண்டியிருக்கும். மிக அபூர்வமா உயிருக்கே ஆபத்து வரலாம்."

"வாயைக் கழுவச் சொல்லு அவனை" என்று அம்மா முணுமுணுத்தார்.

 ஃபோன், கொடுத்த வாக்குப்படி, குழந்தையின் பாட்டி மொழிபெயர்ப்பாளரின் வாயைக் கழுவச் சொல்கிறார் என்று தெளிவான ஆங்கிலத்தில் அறிவித்தது. டொக்டர் குறிப்பேட்டில் அதை எழுதினாரா தெரியவில்லை. நேர்ஸ் யன்னலுக்கு வெளியே எதையோ மிக ஆர்வமாகப் பார்க்கத் தொடங்கினார்.

அண்ணி சிரிக்கவில்லை. "ஐயா, கணையம் எண்டு சதையியைச் சொல்லுறீங்களோ?"

"சதையி... ஆமாம்மா, இரைப்பைக்குப் பின்னாடி இருக்கிற உறுப்பு. உங்க பக்கம் அப்படிச் சொல்வாங்க போல."

"ஓம். பித்தக்கானும் சதையிக்கானும் ஒரே வாசலாலைதானே முன்சிறுகுடலுக்குத் திறக்குது. அதாலை கம்பி விடேக்கை சதையியும் காயப்படும். அதுதானே?"

ஃபோன் மொழிபெயர்த்தது. டொக்டர் நிமிர்ந்தார். தான் கீறிய கடலட்டைக் குடல் படத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். அழகான சப்பாத்து.

அதற்குப் பிறகு அண்ணி கேள்விகள் கேட்டார். நேற்று ஒரேயொரு கேள்வி கேட்ட அதே அண்ணி. "இவ்வளவு சின்னப் பிள்ளையளுக்கு நீங்கள் முந்திச் செய்திருக்கிறீங்களோ?" செய்திருக்கிறேன், ஆனால் கொஞ்சப் பேருக்குத்தான் என்றார் டொக்டர். "பிழைச்சுப் போனால் அந்த நேரம் பக்கத்திலை ஆர் நிப்பினம்?" குழந்தைகளுக்கு மயக்கம் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர் அறைக்குள் இருப்பார், குழந்தைகள் சத்திரசிகிச்சை நிபுணர் அதே தளத்தில் இருப்பார், அவர்கள் இல்லாமல் தொடங்கமாட்டேன் என்றார். "உங்கட பிள்ளையெண்டால் ஒப்பரேஷனோ, இதோ?" இந்தக் கேள்வியை ஃபோன் மிக மெதுவாக மொழிபெயர்த்தது.  கல்லும் சேறும் தெளிவாகத் தெரிவதால் முதலில் இதைத்தான் முயல்வேன், அடைப்பு இப்படித் தெரியாத பிள்ளையென்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன் என்றார் டொக்டர்.

"முடிஞ்ச பிறகு நான் என்னத்தைப் பாக்கவேணும்?"

கால்களை வயிற்றோடு இழுத்து இழுத்து அழுதால், தூக்கியும் அடங்காவிட்டால், குடித்ததைச் சத்தி எடுத்தால், வயிறு கல்லுப்போல் ஆனால், காய்ச்சல் வந்தால். யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் மணியை அமத்தவும்.

யோசிக்க அண்ணி அரை மணித்தியாலம் கேட்டார். கொடுத்தார்கள். பிறகு கையெழுத்துப் போட்டார், முழுப் பெயரும் எழுதி.

பெற்றோருக்கான குசினியில் நான் ரீ ஊத்திக்கொண்டிருக்கும்போது அண்ணி என்னைப் பிடித்தார்.

"தங்கச்சி, நேற்று நீர் எனக்கு எத்தினை வசனம் சொன்னனீர்?"

"நாலு, அண்ணி."

"நான் பயந்திடுவன் எண்டு நினைச்சனீரோ?"

"ஓம்" என்றேன். நல்ல கௌரவமான காரணம், அவரே எடுத்துத் தந்தார். ஆனால் அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மிச்சமும் வந்துவிட்டது. "எனக்குப் பான்கிரியாஸுக்குத் தமிழும் தெரியாது."

"என்னைக் கேட்டிருக்கலாமே. நான் நாலு வருசம் ஏ.எல். பிள்ளையளுக்கு உயிரியல் படிப்பிச்சனான்."

அண்ணி ரீச்சராக இருந்தவர் என்று எனக்குத் தெரியும். என் கற்பனையில் அது யூனிக்கு முந்திய வகுப்பு ரீச்சர் அல்ல, சின்னப் பிள்ளைகளுக்குக் கைதட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற ரீச்சர். இரண்டு வருடம் ஒரே வீட்டில், ஒரே ரொயிலற்றை நேரம் போட்டுப் பாவித்துக்கொண்டு, என்ன பாடம் என்று நான் கேட்டதில்லை. பரீட்சைக் காலத்தில் என் ஈரல் படத்தை அவர் எட்டிப் பார்த்தபோது, "இது கொஞ்சம் கஷ்டமான சப்ஜெக்ற், அண்ணி" என்று விளக்கம் வேறு கொடுத்திருக்கிறேன். அதையும் அவர் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்.

"நீர் எனக்கு நல்லது நினைச்சுத்தான் செய்தனீர்" என்றார். "ஆனா பயப்பிடுறதோ இல்லையோ எண்டு நான்தான் முடிவெடுக்கவேணும். அவன் என்ர பிள்ளை." சீனியைக் கலக்கி, ரீயை என் கையில் தந்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் திரும்பிக் கத்தியிருப்பேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

வியாழன் காலை கொண்டுபோனார்கள். ஒன்றரை மணித்தியாலம். அம்மா கந்தசஷ்டிக்குக்கூட வைக்காத நேர்த்திகளை எல்லாம் வரிசையாக வைத்தார்.  டொக்டர் வெளியே வந்தபோது தொப்பியின் கோடு நெற்றியில் பதிந்திருந்தது. வாசல் அகப்பட்டது, கல் வந்தது, சேறும் வந்தது, என்றார். இந்தச் சின்ன வசனத்துக்கும் ஃபோனில் ஆளைக் கூப்பிட்டுத்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன், தூண் மாதிரி.

பின்னேரம் நாலு மணியளவில் அவன் அழத் தொடங்கினான்.

"பசி. காலையிலையிருந்து பட்டினிதானே. பாலைக் குடு பிள்ளை" என்றார் அம்மா.

"மயக்கம் தெளியேக்கை இப்பிடித்தான் அழுவினம்" என்றேன் நான். பாருங்கள், இரண்டு நாள் ஆகவில்லை. எனக்கு வாயில் ஒரு தாழ்ப்பாள் பூட்டியிருக்கவேண்டும்.

 அண்ணி போர்வையை விலக்கி அவன் கால்களைப் பார்த்தார். முழங்கால் இரண்டும் வயிற்றுக்கு வந்து வந்து போயின. தூக்கினார். அடங்கவில்லை. பச்சையாகக் கொஞ்சம் சத்தி எடுத்தான். அண்ணி மணியை அமத்தினார். நேர்ஸ் வரும்வரை விரலை எடுக்கவில்லை.

இரத்தம் எடுத்தார்கள். சதையி வீங்கித்தான் இருந்தது. பால் நிறுத்தினார்கள், சேலைன் கூட்டினார்கள், நோவுக்கு மருந்து கொடுத்தார்கள். அம்மா நடைபாதையில் நின்று, பிள்ளையைக் கெடுத்துப்போட்டாங்கள் என்று குரல் எடுக்கத் தொடங்கினார். அண்ணி கதவில் நின்று, "மாமி, அவர் சொன்னவர்தானே. சொன்னது வந்திருக்கு. நேரத்துக்குப் பிடிச்சிட்டம்" என்றார்.  குரல் வகுப்பெடுக்கும் குரல்.

எனக்கு அந்தக் கதிரையில் இருந்துகொண்டு வேறொரு கணக்கு ஓடியது. செவ்வாய்க்கிழமை டொக்டர் பேனாவைக் கொடுத்திருந்தால், அண்ணியிடம் இருந்திருக்கக்கூடியது என்னுடைய நாலு வசனம் மட்டும். "பிரச்சினை இல்லை" என்று படித்தவள் சொல்லியிருக்கிறாள், அழுகிறான் என்றால் பசியாகத்தான் இருக்கும். பால் கொடுத்திருப்பார். எவ்வளவு நேரம் பொறுத்திருப்பார்? இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதுதான் பிரச்சினை.

மூன்றாம் நாள் வீக்கம் வற்றியது. அண்ணா தாடியும் டீசல் மணமுமாக வந்து சேர்ந்தார். வந்ததும் என் தலையைத் தடவி, "நீ இருந்தபடியாத்தான்" என்று தொடங்கினார். அண்ணி என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், சேர்க்காமல், விடாமல். அண்ணா தலையிலிருந்து கையை எடுத்தார்.

ஐந்தாம் நாள் காலை நப்பியைத் திறந்தால், கடுகு நிறம். நல்ல, மொத்தமான, ஊத்தையான கடுகு நிறம். அண்ணி அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் வழக்கம்போலப் படம் எடுத்தேன். அம்மா என் ஃபோனைப் பறித்து அதைத் தனக்கு அனுப்பிக்கொண்டார். பத்து நிமிடத்தில் படம் எங்கள் ஊர்ச்சங்க வட்ஸ்அப் குரூப்பில் இருந்தது. மேய்ஸ் ஹில் கார் பார்க்கில் நிற்கக்கூடிய அத்தனை அன்ரிமாரும் அங்கிள்மாரும் அதில் இருக்கிறார்கள். கும்பிடு கைகள் வரிசையாக வந்தன. ஒரு அன்ரி, "என்ன கறி இது?" என்று கேட்டிருந்தார்.

மூன்று கிழமை கழித்து இரத்தம் பார்க்கப் போனோம். கண்ணில் மஞ்சள் குறைந்திருந்தது, ஈரல் எண்கள் இறங்கத் தொடங்கியிருந்தன. இன்னும் ஒரு வருடத்துக்கு வந்துபோகவேண்டும், திரும்ப அடைக்கலாம் என்றார்கள். அண்ணியின் பையில் ஒரு கொப்பி இருந்தது, அதில் கேள்விகளுக்கு இலக்கம் போட்டு எழுதியிருந்தார்.

முன்மேசையில் இருந்த பெண் அண்ணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, இல்லை இவர் செய்வாரா என்று கேட்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணி தானே ஆங்கிலத்தில் சொன்னார், ஒவ்வொரு சொல்லாக, கரும்பலகையில் சோக்கால் எழுதுவது போல:

"யெஸ் ப்ளீஸ். இன்ரப்றெற்றர். ஷீ இஸ் ஒன்லி ஃபமிலி."

பிறகு பிள்ளையைத் தூக்கி என் கையில் தந்தார். ஐந்து கிலோவும் கொஞ்சமும். அரிசிப் பையைத் தாண்டிவிட்டான். நப்பி கனத்தது, வேலை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் படம் எடுக்க ஃபோனைத் தேடினேன்.